குறி தப்புகிறவர்களுக்கு ஒரு பலகை

ஒரு ஆணி அடிக்கவே ஹவுஸ் ஓனரிடம் அனுமதி கேட்க வேண்டிய வீட்டில், இரும்பு முனை வைத்த அம்பை எறிந்து விளையாடினால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு டார்ட்ஸ் போர்டு வாங்குகிறவர்களுக்கு இந்தக் கேள்வி எப்படியும் வந்தே தீரும். சிலருக்குக் கடையிலேயே வந்துவிடுகிறது, சிலருக்கு முதல் அம்பு சுவரில் குத்தி நின்ற பிறகு :-)

டார்ட்ஸ் அடிப்படையில் பப் விளையாட்டு. பப்பில் சுவரைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. போர்டைச் சுற்றி ஒரு பழைய டயரை மாட்டிவிட்டால் போதும், தப்பின அம்பு ரப்பரில் குத்தி நிற்கும். வீட்டுக் கதை வேறு. 2024 ஜனவரியில் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் வரைக்கும் லூக் லிட்லர் என்ற 16 வயதுப் பையன் வந்தான், தோற்றான். மறு வருஷம் 2025 ஜனவரியில் மைக்கேல் வான் கெர்வெனை 7-3 என்று ஜெயித்துப் பட்டத்தைத் தட்டிச் சென்றான். இதையெல்லாம் டிவியில் பார்த்துவிட்டு ஒரு பையன் போர்டு கேட்டால் எந்த அப்பாவால் மறுக்க முடியும்? போர்டு வரும். சுவர்?

அங்கே பல வீடுகளில், முக்கியமாகப் புதிய வீடுகளில், உள்சுவர் செங்கல்லே கிடையாது. மரச்சட்டங்கள் மேல் 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு அடித்து பெயின்ட் பூசியிருப்பார்கள். இருபது கிராம் சொச்சம் எடையுள்ள அம்பு அதில் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கும். செங்கல் சுவராக இருந்தால் சுவர் ஓரளவு பிழைக்கும், அம்பின் முனை மழுங்கும். மழுங்கின முனை அடுத்த முறை போர்டில் சரியாக நிற்காமல் கீழே விழும்.

நன்றாக ஆடத் தெரிந்தால் சுவரில் ஏன் படப்போகிறது என்று கேட்கலாம். இங்கேதான் போர்டின் அளவுகளைக் கவனிக்க வேண்டும். போர்டின் விட்டம் 451 மி.மீ. வெளியே இருக்கும் 'டபுள்' வளையம் மையத்திலிருந்து 170 மி.மீ.யில் முடிந்துவிடுகிறது. அதிலிருந்து போர்டின் விளிம்புக்கு ஐந்தரை சென்டிமீட்டர்தான்! 501 ஆட்டத்தை டபுளில்தான் முடிக்க வேண்டும் என்பது விதி. அதாவது எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், கை லேசாக நடுங்கும் அந்தக் கடைசி நேரத்தில் விளிம்பைக் குறிவைத்துத்தான் எறிந்தாக வேண்டும். புதிதாக ஆடுகிறவருக்கோ அம்பை எந்த நொடியில் விடுவது என்பதே பிடிபட்டிருக்காது. கொஞ்சம் முன்னால் விட்டால் மேலே போகும், கொஞ்சம் பின்னால் விட்டால் கீழே போகும். அதனால் பக்கவாட்டை விட மேலும் கீழும்தான் ஓட்டை அதிகம் விழும்.

ஆக, கடையில் விற்கிற ஃபோம் வளையம் மட்டும் போதாது. அது போர்டைச் சுற்றி ஏறக்குறைய ஒரு ஜாண்கூட வராது. பழகினவருக்குச் சரி, பழகாதவருக்கு எந்த மூலைக்கு?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நாலைந்து மாணவர்கள் ஒரே வாடகை ஒப்பந்தத்தில் சேர்ந்து எடுத்த வீடு என்றால், சேதத்துக்குப் பொறுப்பும் எல்லாருக்கும் சேர்த்துத்தான். ஒருவர் போட்ட ஓட்டைக்கு எல்லாருடைய டெபாசிட்டிலும் கை வைக்கலாம். (தமிழ்நாட்டில் அட்வான்ஸ் என்கிறார்களே, அதேதான்.) அப்புறம் என்ன நடக்கும்? "நீ எறியாதே, சுவத்துல போட்டுடுவே" என்று ஆரம்பிக்கும். நன்றாக ஆடுகிறவன் மட்டும் ஆடுவான், மற்றவர்கள் சோபாவில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவார்கள். எறிய விட்டால்தானே எறியப் பழக முடியும்!

சரி, பலகை விஷயம். வெறும் பிளைவுட் போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான தப்பு. கெட்டியான மரத்தில் சாய்வாகப் பட்ட அம்பு நிற்காது, திரும்பி எறிந்தவரின் காலை நோக்கி வரும். சுவர் தப்பிக்கும், கால் விரல் தப்பிக்காது. வெளியே மெத்தென்று, உள்ளே கெட்டியாக இருக்க வேண்டும். 12 மி.மீ. பிளைவுட், அதன் மேல் தடிமனான கார்ப்பெட் அல்லது கார்க், போர்டைச் சுற்றி அந்த ஃபோம் வளையம். மூன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். கார்ப்பெட் கடைகளில் மிச்சம் விழுந்த துண்டுகளைக் கேட்டால் மலிவாகக் கொடுப்பார்கள். புது கார்ப்பெட் வாங்கி ஓட்டை போடுவது வீண் செலவு.

வாடகை வீட்டுக்குத் தோதான வழி, பலகையைச் சுவரில் தொங்கவிடாமல் தரையில் நிறுத்துவது. பிளைவுட் ஷீட் 2440 x 1220 மி.மீ. அளவில் வரும். அங்கே பல வீடுகளில் அறையின் உயரமே 2.4 மீட்டர்தான், முழு ஷீட் உள்ளே நிற்காது! கடையிலேயே 2.3 மீட்டருக்கு அறுத்து வாங்கிவிட வேண்டும். போர்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் என்பதால் அதற்கு மேலே அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் கிடைக்கும், கீழே தரை வரைக்கும் பாதுகாப்பு. போர்டு ஐந்து கிலோ அளவில் இருக்கும், அந்த எடையும் தரைக்கே போய்விடும்.

சுவரின் அடியில் ஸ்கர்ட்டிங் துருத்திக்கொண்டிருப்பதால் பலகை சாய்ந்து நிற்கும். அதே தடிமனில் ஒரு ரீப்பர் கட்டையை மேலே வைத்தால் நேராகிவிடும். மேலே பிடிப்பு இல்லாமல் மட்டும் விடவே கூடாது. இருபது கிலோ பலகை, வீட்டில் குழந்தை இருந்தால் யோசிக்கவே பயமாக இருக்கிறது. ஓனரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, இரண்டே ஸ்க்ரூ. காலி செய்யும்போது அந்த இரண்டு ஓட்டைக்குப் பட்டி பார்ப்பது அரை மணி நேர வேலை. நூறு அம்பு ஓட்டைக்குப் பட்டி பார்த்தால் சுவரே அம்மைத் தழும்பு மாதிரிதான் தெரியும்.

சட்டமும் ஒன்றும் மோசமில்லை. 2007 ஏப்ரலிலிருந்து வாடகை டெபாசிட்டை அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் பாதுகாக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். தகராறு வந்தால் மூன்றாம் ஆள் பார்த்துத் தீர்ப்பு சொல்லலாம். பழைய சுவருக்குப் புதுச் சுவர் விலை கேட்க முடியாது, தேய்மானம் கழித்துத்தான் கணக்கு. ஆனால் அம்பு ஓட்டையைத் தேய்மானம் என்று வாதாட எந்த ஆடிட்டராலும் முடியாது!

கீழே ஒரு தடிமனான ரப்பர் மேட் கட்டாயம். கம்பியில் பட்டுத் தெறிக்கிற அம்பு தரைக்குத்தான் வரும். பலகைக்கும் சுவருக்கும் நடுவே ரீப்பரின் பின்னால் ரப்பர் துண்டுகள் வைத்தால் 'டொக் டொக்' சத்தம் குறையும், முழுசாகப் போகாது. பக்கத்து வீட்டோடு ஒட்டின சுவராக இருந்தால் வேறு சுவரைப் பார்ப்பது நல்லது. எறியும் கோட்டுக்கு 2.37 மீட்டர் தூரம் வேண்டும், எறிகிறவர் நிற்கவும் இடம் வேண்டும். அப்படி ஒரு சுவர் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், அதுவும் டிவி மாட்டியிருக்கும் சுவராக இருக்கும்.