திருக்கோணமலைக் கடலும் ஒரு தூண்டிற்கோலும்

யாழ்ப்பாணத்துப் பரவைக்கடலைப் பார்த்துப் பழகிய கண்களுக்குத் திருக்கோணமலைக் கடல் முதற் பார்வையில் ஒருவகை மருட்சியையே தரும். பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 10 மீற்றரளவு ஆழமுடையது. வற்றுக் காலத்தில் கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் முழங்காலைத் தாண்டாத இடங்கள் அங்கே பலவுண்டு. திருக்கோணமலையிலோ, கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலையின் விளிம்பில் நின்று கீழே நோக்கினால், பாறை செங்குத்தாக நீருக்குள் இறங்குவது தெரியும். அது எங்கே போய் நிற்கிறதென்பதை நீரின் கருநீலந்தான் ஒருவாறு சொல்லுகிறது. கொட்டியாரக் குடாவிலிருந்து தொடங்கி, 3,000 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கிச் செல்லும் பெரும் பள்ளத்தாக்கொன்று இக்கடலின் அடியிலே கிடக்கிறது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கலப்பதும் இதே குடாவில்தான்.

இப்பள்ளத்தாக்கை இக்கரை மீனவரின் முதுசொம் எனலாம். இலங்கையைச் சூழ்ந்த கண்டமேடை சராசரியாக 20 கிலோமீற்றரளவு அகலமானது. ஆழ்கடல் மீனை நாடுவோர் பிற இடங்களில் அவ்வளவு தூரமும் கடந்தாக வேண்டும். இங்கே கரைத் தென்னைகள் கண்ணுக்கு மறையுமுன்னரே படகு ஆழ்நீரை அடைந்துவிடுகிறது. ஆதலால் சூரையும் அறக்குளாவும் பாரையும் சீலாவும், காலம் வாய்த்தால் முதுகுச் செட்டையைத் தோகைபோல விரிக்கும் மயில்மீனுங்கூடச் சிறு படகில் செல்வோருக்கு எட்டுகின்றன. திமிங்கிலங்களைக் காணவென்று வெளிநாட்டார் இங்கே வருவதும் இவ்வாழத்தின் பொருட்டே.

துறைமுகத்தின் பெருமையையும், 1942 ஏப்ரில் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசிய செய்தியையும் மாணவர்கள் சரித்திர நூல்களில் படித்திருப்பர். அவற்றை இங்கு விரிக்கவில்லை. பின்வந்த உள்நாட்டுப் போர்க்காலத்தில் கடலுக்குச் செல்லும் நேரமும் தூரமும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை வந்து கரையைத் துடைத்துச் சென்றது. 2009 இல் போர் முடிந்த பின்னரே உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் உல்லாசப் பயணிகளின் நடமாட்டம் பெருகிற்று. பொழுதுபோக்காக மீன்பிடிக்க வருபவர்களைக் கடலுக்கு அழைத்துச் சென்று கூலி பெறுவது மீனவர் சிலருக்குப் பக்கத் தொழிலாயிற்று. நாம் கச்சான் வீசும் ஆனி மாதத்தில், மேற்குக் கரை கொந்தளித்துக்கொண்டிருக்கக் கிழக்குக் கரை குளம்போல அடங்கிக் கிடந்த நாட்களில், உப்புவெளியில் அத்தகைய ஒரு குடும்பத்தாரின் வீட்டிலே தங்கியிருந்தோம்.

அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. தந்தையார் ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்; கைத்தூண்டிலிலே கைகள் காய்த்துப் போனவர். மகன் சென்ற ஆண்டு மணஞ்செய்தவர். 18 அடிப் படகொன்றையும் வெளியிணைப்பு இயந்திரத்தையும் கடனுக்கு வாங்கி, பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழிலைத் தனியே நடத்தத் தொடங்கியிருந்தார். தொழிலுக்குத் தூண்டிற்கோல்கள் வேண்டும். நகரத்துக் கடைக்காரர் பழக்கத்தின் பேரில் இரண்டு கோல்களைப் பார்த்துவரும்படி கொடுத்தனுப்பியிருந்தார். ஒன்று காபன் இழையாலானது. மெலிந்து, கறுத்து, பளபளத்தது. மற்றையது கண்ணாடி நாராலானது. தடித்தது, பார்வைக்கு அழகற்றது. முன்னதன் விலை பின்னதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வருகிறவர்கள் படகின் சாமான்களைப் பார்த்தே படகுக்காரனை மதிப்பர் என்பது மகனின் கட்சி. கடன் தலைக்கு மேலிருக்கையில் மினுக்கத்துக்குக் காசு கொடுப்பதா என்பது தந்தையின் கட்சி. இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

வழக்கை விளங்கிக்கொள்ள அந்த மீன்பிடி முறையைச் சிறிது அறிதல் வேண்டும். படகை மெல்ல ஓட்டிக்கொண்டே, பின்னால் பொய்யிரை கட்டிய தூண்டில்களை இழுத்துச் செல்வதை ஆங்கிலத்தில் ட்ரோலிங் என்பர். ஓசை ஒற்றுமையால் இதனை றோலர் படகு இழுக்கும் இழுவைமடியோடு மயங்கிவிடலாகாது. கடலடியை வழித்துச் செல்லும் அந்தத் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. இதுவோ ஒரு தங்கூசி, ஒரு தூண்டில், ஒரு மீன் என்ற கணக்கு. நைலோன் கயிற்றைப் பிரித்துக் குஞ்சமாக்கி, அதையே இரையெனக் கட்டிக் கையால் இழுக்கும் வழக்கம் நம் மீனவரிடம் முன்னரே உண்டு. கோலும் உருளையும் சேர்வதால், மீன் பாயும்போது கோல் வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். உருளை தங்கூசியை அளந்து விட்டுக்கொடுக்கும். பழகாத பயணியின் கை அறுபடாது.

மறுநாள் விடியுமுன் இரு கோல்களையும் ஏற்றிக்கொண்டு நாமும் அவர்களுடன் புறப்பட்டோம். புறாமலைத் தீவை வெகுதூரத்தில் விலக்கியே சென்றோம். 2003 முதல் தேசியப் பூங்காவாக விளங்கும் அத்தீவைச் சூழ்ந்த நீரில் மீன்பிடித்தல் ஆகாது. ஆழ்நீரை அடைந்ததும் இரு கோல்களும் படகின் பின்புறத்திலுள்ள கோல்தாங்கிகளில் நிறுத்தப்பட்டன. ஏழு கடல்மைல் வேகத்தில் படகு ஓட, பொய்யிரைகள் நுரையின் பின்னே துள்ளிவந்தன. ஒரு மணி நேரம் கழிந்தது. இரண்டு மணி நேரமும் கழிந்தது. கோல்களை யாரும் தொடவில்லை.

வழக்கின் முடிச்சு அங்கேயே அவிழ்ந்ததாக எமக்குத் தோன்றிற்று. காபன் கோலுக்கு அதிக விலை கொடுப்பது எதற்காக? பாரம் குறைவு என்பதற்காக. கரையிலோ பாறையிலோ நின்று நாள் முழுவதும் வீசி வீசி இழுப்பவனுக்கு அந்தப் பாரக்குறைவு பெரும் வரம். அவன் அதற்குக் கொடுக்கும் காசு வீணன்று. இழுவைக் கோலோ நாளின் பெரும்பகுதியைத் தாங்கியிலேயே கழிக்கிறது. அதன் பாரத்தைச் சுமப்பது படகு. அன்றியும் காபன் விறைப்பானது. படகின் விளிம்பிலோ ஈயக்குண்டிலோ ஒருமுறை இடிபட்டு மேலே கீறல் விழுந்தால், பின்னொரு நாள் பாரம் ஏறுகையில் அந்த இடத்திலேயே சட்டென முறியும். கண்ணாடி நார் அவ்வளவு எளிதில் முறியாது. வில்லைப்போல நெடுக வளைந்து கொடுக்கும். பயணிகள் மிதித்தும் இடித்தும் கையாளுகிற படகில் இது சிறு நன்மையன்று. அவர்கள் ஏறிச்சென்ற படகும் அதே கண்ணாடி நாராற் செய்யப்பட்டது என்பதைத் தந்தையார் மகனுக்குச் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

முற்காலத்தில் மேல்நாட்டார் கயானாவிலிருந்து வந்த கிறீன்ஹாட் மரத்தாலும், பிளந்து ஒட்டிய மூங்கிலாலும் கோல் செய்தனர். அமெரிக்கக் கோற்கம்மியர் நெடுங்காலம் விரும்பி வாங்கிய மூங்கில் கல்கத்தாவிலிருந்து சென்றதாகும். உப்புநீர் பட்டால் இவை ஊறி வளையும். ஆண்டுதோறும் வார்னிஷ் பூசவேண்டும். இரண்டாம் உலகப்போரை அடுத்துக் கண்ணாடி நார்க் கோலை ஷேக்ஸ்பியர் என்னும் அமெரிக்கக் கம்பனி சந்தைக்குக் கொண்டுவந்த பின்னரே சாதாரண மக்களும் கடற்கோல் வாங்கும் நிலை வந்தது. (நாடகாசிரியருக்கும் இக்கம்பனிக்கும் உறவில்லை.) அதே கம்பனி 1976 இல் கண்ணாடி நாரோடு சிறிது காபனையும் கலந்து ஒரு கோல் செய்து, அதற்கு 'அழகற்ற தடி' என்று பொருள்படும் பெயரையே சூட்டிற்று. அது இன்றளவும் விற்பனையாகிறது. அழகின்மையை ஒளிக்காமல் விற்றவர்களை நாம் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

காலை எட்டு மணியளவில் கண்ணாடி நார்க் கோலின் உருளை அலறிற்று. மகன் கோலைத் தாங்கியிலிருந்து எடுத்தார். கோல் ஆறடி நீளமே. பெரிய மீனுக்கு நீண்ட கோல் வேண்டுமென்று எண்ணுபவர் பலர்; துலா மிதிப்பைக் கண்டவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். கோலின் நுனியைப் பிடித்து மீன் இழுக்கிறது; அடியைப் பிடித்து மனிதன் இழுக்கிறான். கோல் நீள நீள, நெம்பும் வசதி மீனுக்கே சேருகிறது. ஆகவே படகுக்கோல் ஐந்தரை அடிக்கும் ஏழடிக்கும் இடையில் இருந்தாற் போதும்.

மீன் படகின் அடிப்பக்கம் வந்து நேர்கீழாக இறங்கியது. மகன் கோலை நிமிர்த்தி இழுக்க முயன்றார். "தம்பி, கோலை நிமித்தாதே! தாழ்த்து, தாழ்த்து!" என்று தந்தை சத்தமிட்டார். கோல் செங்குத்தாக நிற்க, மீன் கீழே இழுக்குமாயின், பாரம் முழுவதும் மெலிந்த நுனியில் விழும். கோல்கள் பல முறிவது இவ்விதமே. மகன் தாழ்த்துவதற்குள் நுனி நீரைத் தொடுமளவுக்கு வளைந்தது, ஆயினும் முறியவில்லை. மேலே வந்தது 14 இறாத்தல் அறக்குளா. அதன் பற்கள் தூண்டிலுக்கு மேலே கட்டியிருந்த கம்பித் தொடுப்பில் கோடு கிழித்திருந்தன. வெறுந் தங்கூசியாயின் அறுத்துச் சென்றிருக்கும்.

மாலையில் திண்ணையிலிருந்து தந்தையார் தமது பழைய கோலை எமக்குக் காட்டினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பயணி ஒருவர் அன்பளிப்பாக விட்டுச் சென்ற கண்ணாடி நார்க் கோல் அது. "ஐயா, இதை மீன் ஒண்டும் செய்யேல்லை. உப்புத்தான் தின்னப் பார்த்தது" என்றார். கோலின் தண்டு பழுதின்றி இருந்தது. பழுதானவை எல்லாம் அதில் பொருத்திய உலோகங்கள். இரும்பு கலந்த மலிவான வளையங்கள் கறள் பிடித்து இரண்டு முறை மாற்றப்பட்டிருந்தன. உருளை பொருத்தும் பிடியின் மேற்பூச்சு உரிந்திருந்தது.

ஆகவே கோல் வாங்குவோர் தண்டைப் பார்ப்பதிலும் அதிக நேரத்தை இவற்றைப் பார்ப்பதிலே செலவிடுதல் நன்று. வளையத்தின் சட்டம் கறள் பிடிக்காத உருக்காயிருத்தல் வேண்டும். ஒற்றைக் காலுள்ள வளையத்திலும் இரட்டைக் காலுள்ளது உறுதியானது. உள்ளே பதித்த பீங்கான் போன்ற வளையத்தில் வெடிப்பிருந்தால் தங்கூசி வாள்பட்டதுபோல அறும். சிறிது பஞ்சை எடுத்து உள்ளே சுற்றித் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் பஞ்சிழையைப் பிடித்துக் காட்டிவிடும். வளையத்துக்குப் பதிலாகச் சிறு சில்லுகள் பொருத்திய கோல்களும் உண்டு. மிகப் பெரிய மீன்களை நாடுவோர்க்கு அவை உதவும். எண்ணெயிடாமல் விட்டால் சில்லு இறுகிவிடும். பின்பு அது வளையத்திலும் கேடு. 50 இறாத்தலுக்குக் குறைந்த தங்கூசிக்கு நல்ல வளையமே போதும்.

கோலின் அடியில் '30–50 இறாத்தல்' என்றவாறு பொறித்திருப்பர். அது பிடிக்கத்தக்க மீனின் நிறையன்று. கோலுக்கு ஏற்ற தங்கூசியின் வலிமையைக் குறிப்பது. உருளையின் தடையை அவ்வலிமையில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் வைப்பது வழக்கம்: 30 இறாத்தல் தங்கூசிக்கு எட்டு முதல் பத்து இறாத்தல். விற்றராசொன்றைத் தங்கூசியின் நுனியிற் கொளுவி இழுத்தால் அளவு தெரிந்துவிடும். அடிமுனையில் சிலுவைபோல வெட்டிய உலோகத் தொப்பி இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அதுவே தாங்கியிலுள்ள குறுக்குக் கம்பியிற் பொருந்திக் கோல் சுழலாமற் காக்கும். பிளாஸ்ரிக் தொப்பி இரண்டு பருவங்களைத் தாண்டுவது அருமை. உருளையை இறுக்கும் சுரையும் ஒன்றுக்கு இரண்டாயிருத்தல் நலம்.

தந்தையாரின் வைத்தியம் மிக எளியது. கடலால் வந்தவுடன், தாம் குளிக்குமுன்னரே, கோலைக் கிணற்று நீரால் மெல்லக் கழுவித் துணியால் துடைத்து, நிழலில் படுக்க வைப்பார். தகரக் கூரையின் கீழே வெக்கையில் வைப்பதில்லை, சுவரிலே சாய்ப்பதுமில்லை, சாய்த்தால் கோணும் என்பார். அன்று மாலை மகன் கடைக் கோல்கள் இரண்டையும் அதே முறையிற் கழுவுவதைக் கண்டோம். காபன் கோலைச் சற்று அதிக நேரம் கையில் வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் அவர் நகரத்துக்குச் சென்று காபன் கோலைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடி நார்க் கோல்கள் இரண்டை விலைபேசி வாங்கினார். கடைக்காரர் காட்டிய மலிவான மூன்றாவதொன்றை, வளையத்தின் நூற்கட்டில் மெருகு ஊசித்துளைபோல விட்டிருந்ததைக் கண்டு, அதன் வழியே உப்பு நுழையும் என்று சொல்லி மறுத்துவிட்டார். ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் எஞ்சியதற்குப் பயணிகளுக்கான உயிர்காப்பு அங்கிகள் நான்கு வாங்கினார். கச்சான் முடிய இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் படகு ஏற்கெனவே பேசப்பட்டிருந்தது.