கடைஞாயிறும் ரீமிக்ஸ் பாட்டும்

கார்த்திகை கடைஞாயிறு என்றால் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் கால்வைக்க இடமிருக்காது. பிள்ளை வரம் வேண்டி சிம்மக்குளத்தில் முழுகிய பெண்கள் ஈரப் புடவையோடு பிரகாரத்தில் படுத்திருப்பார்கள். வெளியே கடைத்தெருவில் மைக் செட் அலறும்.

2007இல் அலறியதெல்லாம் ரீமிக்ஸ். அந்தத் தீபாவளிக்கு வந்த 'பொல்லாதவ'னில் எம்.எஸ்.வி.யின் 'எங்கேயும் எப்போதும்', 'அழகிய தமிழ்மக'னில் 'பொன்மகள் வந்தாள்'. 'பில்லா' படம் வருமுன்பே பாட்டு வந்துவிட்டது. நான்கு வருடம் முன்னால் 'குறும்பு' படத்தில் அப்பா இளையராஜாவின் 'ஆசை நூறு வகை'யை மகன் யுவன் எடுத்துப் போட்டதிலிருந்தே இந்தக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. இந்தியிலும் 'காண்டா லகா' அதற்குமுன் இதே ரகளையைக் கிளப்பியிருந்தது.

ஆம்பூருக்குப் போகும் ஷூ கம்பெனி வேன்களில் விடியற்காலையிலேயே இதுதான். எம்பி3 சிடியின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் 'ரீமிக்ஸ் ஹிட்ஸ்' என்று எழுதியிருக்கும். பழைய பல்லவி வரும். பின்னால் மலேசியா யோகி பி போன்றவர்களின் ராப். அடியில் பேஸ் விழும்போது டீக்கடைத் தகரக் கூரை கிர்ரென்று அதிரும்.

டி.எம்.எஸ். என்றால் உயிரை விடுகிற என் பெரியப்பாவுக்கு இது பாட்டுக் கொலை. அந்தக் கடைஞாயிறில் நேரே மைக் செட்டுக்காரரிடம் போய், "ஏம்பா, தங்கமாட்டம் பாட்ட கொத்துக்கறி போட்டு வச்சிருக்கானுங்க, அத ஊருக்கே கேக்க வைக்கணுமா?" என்றார். அவர் கோபப்படவில்லை. "இருங்க பெரியவரே, உங்களுதையும் போடறேன்" என்று 'சொர்க்கம்' படத்து 'பொன்மகள் வந்தாள்' அசலைத் தேடிப் போட்டார். ஆடிக்கொண்டிருந்த பையன்கள் அப்படியே நின்றார்கள். "இது ஏற்கெனவே இருந்த பாட்டா?" என்றான் ஒருவன். பெரியப்பா பிடித்துக்கொண்டார். 1970, சிவாஜி, எம்.எஸ்.வி., டி.எம்.எஸ். குரல் என்று அரைமணி நேரம். திட்டப் போனவர் அன்று திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

ரீமிக்ஸைக் கொலை என்றவர்களோடு எனக்கு இன்றும் உடன்பாடில்லை. அவசர வேலைகள் நிறைய இருந்தன, உண்மைதான். ஆனால் அசலை நோக்கி எத்தனை பேரைக் கைபிடித்துக் கூட்டிப்போனது அது! பாட்டைப் போட்டவருக்கும் எழுதியவருக்கும் பங்கு உண்டா என்ற கேள்விதான் நியாயமானது. 2012இல் காப்புரிமைச் சட்டத் திருத்தம் அவர்களின் ராயல்டி உரிமையை உறுதிசெய்தது.

அதற்குள் படத்துக்கொரு ரீமிக்ஸ் என்று போட்டுப் போட்டு ஜனங்களுக்கும் சலித்துவிட்டது. செல்போனில் அசல் பாட்டே கிடைத்தது. வேனில் ஆளுக்கொரு இயர்போன்.

2021இல் 'டிக்கிலோனா'வில் 'பேர் வச்சாலும்' வந்து மறுபடி ஊரே ஆடியது. திட்டுவதற்குப் பெரியப்பா இல்லை. அது 1990இல் வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' பாட்டு என்று அண்ணன் மகனுக்கு நான்தான் சொன்னேன்.