பள்ளிக்கூடத்துக்குச் சீர்: புதுக்கோட்டைக் குறிப்புகள்

ஆலங்குடி தாண்டிக் கீரமங்கலம் நோக்கிப் போகிறோம். இருபுறமும் செம்மண், வாழை, பலா, பூக்கொல்லைகள். குடும்பமாக எங்கே போனாலும் கோயிலோடு அந்த ஊர் அரசுப் பள்ளியையும் பார்த்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். பிள்ளைகள் முதலில் விசாரிப்பது கழிப்பறையை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு: அப்பா அம்மாக்கள் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்களா, உள்ளே வந்து உட்காருகிறார்களா?

*

இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோகிறார்கள். கோயில் வாசலில் கூடி, மேளம் முன்னே போக, தெருவெல்லாம் நடந்து பள்ளிக்கு வருகிறார்கள். ஒருவர் தலையில் நாற்காலி, இன்னொருவர் கையில் மின்விசிறி. பின்னால் பீரோ, சுவர்க் கடிகாரம், குடம், வாளி, துடைப்பம். பெண்களின் தாம்பாளங்களில் பழத்தோடு நோட்டும் பென்சிலும். ஆசிரியர்கள் வாசலுக்கு வந்து சந்தனம் கொடுத்து வரவேற்கிறார்கள். காதுகுத்துக்கும் சடங்குக்கும் சீர் கொண்டுவருவது தாய்மாமன் உரிமை. பள்ளிக்கூடத்துக்கு ஊரே தாய்மாமன் முறையாகிவிடுகிறது.

*

வடகாடு, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். யார் எவ்வளவு செய்தார்கள் என்பது நோட்டில் ஏறும். முறை வரும்போது திருப்பிச் செய்ய வேண்டும். பள்ளிக்குப் போகும் சீரை யாரும் திருப்பிச் செய்யப் போவதில்லை. நான் கொடுத்த நாற்காலியில் பக்கத்துத் தெருப் பிள்ளை உட்காரும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்துப் போட்ட மண் இது. இங்கே ஒரு வீடு பள்ளிக்கென்று எடுத்துவைக்கும் ஐந்நூறு ரூபாயின் கனமே தனி.

*

இந்தச் சீரின் வேர் பழையது. காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1956இல் மதிய உணவுத் திட்டம் ஊராரின் பங்களிப்போடுதான் தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். பெஞ்சு, கரும்பலகை, நிலம் என்று மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

*

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. மின்விசிறியும் பெஞ்சும் அரசு கொடுத்தாக வேண்டியவை. சீர் வருகிறது என்பதற்காக அந்தக் கடமை தளரக் கூடாது. சீர் கொண்டுவர வசதியில்லாத வீட்டுக்காரர் பள்ளியில் வாய் திறக்கத் தயங்கும் நிலையும் வரக் கூடாது.

*

கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் அளவுக்கேற்ற இடம். பள்ளி நடப்பைக் கவனிப்பது, வளர்ச்சித் திட்டம் போடுவது, அரசுப் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. தமிழ்நாட்டில் 2022இல் பள்ளிதோறும் பெற்றோரைக் கூட்டி இக்குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். அப்போது குழுவுக்கு 20 பேர். தலைவர் பொறுப்பு பிள்ளையைப் படிக்கவைக்கும் ஒரு தாய்க்கு.

*

டீக்கடையில் ஒரு குழு உறுப்பினரைப் பார்த்தோம். பூப்பறிக்கும் வேலை. “கூட்டத்துக்கு எல்லாரும் வர்றாங்களாக்கா?” என்று என் மனைவி கேட்டாள்.

“எங்கம்மா வர்றது? வேலைய விட்டுட்டு வந்தா கூலி போயிரும். நான் போயிருவேன். போகாட்டி தண்ணித் தொட்டி கழுவலைன்னு யாரு சொல்றது?”

பள்ளிக்கு வரும் சீர்களிலேயே பெரியது அவர் விட்டுவிட்டு வரும் அந்தக் கூலிதான் என்று எனக்குப் படுகிறது. அது எந்தத் தாம்பாளத்திலும் வருவதில்லை. யாரும் சந்தனம் கொடுப்பதுமில்லை.

*

வேலைக்கு நடுவே கல்விக்காக நேரம் ஒதுக்குவது இம்மாவட்டப் பெண்களுக்குப் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில், ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் இங்கே பெரும் அலையாக எழுந்தது. கல் உடைப்பவர்களும் வயல் வேலைக்காரர்களும் எழுதப் படிக்கக் கற்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். ஊரில் தொண்டர்கள் முன்வந்து கற்பித்ததால் நடந்தது அது. அன்று கைநாட்டை விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்தப் பள்ளிகளில் படிக்கும் வயதில் இருக்கிறார்கள்.

*

ஊர் தலையிட்டாலே நல்லது நடக்கும் என்றும் சொல்ல முடியாது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி மகாராஜா கல்லூரியில் சேர முயன்றபோது, பையன்களோடு ஒரு பெண் படிப்பதா என்று எதிர்த்தவர்களில் மாணவர்களின் பெற்றோரும் உண்டு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்ததால் உள்ளே போனார். பிறகு மருத்துவரானார், சட்டமன்றத்தில் தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடினார். ஊரின் குரல் இப்படித் தடுக்கவும் கூடும் என்பதால்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் யாருக்கு நாற்காலி என்பதைச் சட்டமே சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரில் குரல் ஓங்கியவர்கள் கையில் மட்டும் விட்டால், கடைசித் தெருவின் தாய்க்கு இடம் கிடைக்காது.

*

எங்கள் ஊர்ப் பள்ளியின் அடுத்த கூட்டத்தில் கேட்பதற்காக நாங்கள் எழுதிக்கொண்டவை:

கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வைக்க முடியுமா?

தீர்மானங்களை எல்லோரும் படிக்கும்படி வாசல் பலகையில் எழுதி ஒட்டலாமா?

போன கூட்டத்தில் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை?

பணம் செலவில்லாத கேள்விகள் இவை. சீர் கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும், மேளத்தோடு கொடுக்கட்டும். இந்தக் கேள்விகளைக் கேட்க, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கும் ஒரே தகுதி போதும்.