கொரிந்திலிருந்து ஒரு கடிதம்

அன்பு ராஜம் டீச்சருக்கு,

இந்த ஊரில் காபி கேட்டால் சின்னக் கிண்ணத்தில் பாதிக்கு மண்டியோடு தருகிறார்கள். மேலாக இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு வைத்துவிட வேண்டியதுதான். அதற்குக் கொடுத்த காசைச் சொன்னால் என்னைத் திட்டுவீர்கள். அந்த எரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஏதென்ஸைப் பற்றி ஊருக்கு வந்து சொல்கிறேன். வெயிலும் கூட்டமும்தான் அதிகம். இன்று காலை அக்ரோகொரிந்து ஏறினேன். பழைய கொரிந்துக்குத் தெற்கே 575 மீட்டர் உயரத்தில் நிற்கிற பாறைக்குன்று, மேலே கோட்டை. பஸ் கிடையாது. டாக்சிக்காரர் கேட்ட தொகைக்கு நடையே மேல் என்று கிளம்பினேன். முழங்கால் இப்போது வேறு சொல்கிறது.

உச்சியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எள் தூவிய வளைய ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஒரே கூச்சல். வாத்தியார் கையில் புத்தகமும் இல்லை, பிரம்பும் இல்லை. வடக்கே கொரிந்து வளைகுடா, கிழக்கே சரோனிக் வளைகுடா, இரண்டுக்கும் நடுவே ஆறு கிலோமீட்டர் அகலத்தில் ஒரு நிலத்துண்டு. எல்லாம் கண்ணெதிரே கிடக்கும்போது படம் எதற்கு?

ஒரு பையனின் தண்ணீர் பாட்டில் மூடியை வாங்கிப் பாறைமேல் வைத்தார். இது இத்தாலியிலிருந்து ஏதென்ஸுக்குப் போகும் கப்பல், வழி சொல்லுங்கள் என்றாராம் (எனக்கு ஆங்கிலத்தில் சொன்னவர் அவர்தான்). ஒரு சிறுமி மூடியைத் தெற்கே நகர்த்தி, பெலோபொனீஸ் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மாலியா முனை வந்ததும் வாத்தியார் குனிந்து ஊதினார். மூடி பறந்தது. கப்பலோட்டிகளை நடுங்கவைத்த காற்று அந்த முனையில். அடுத்து ஒரு பையன் மூடியைத் தூக்கி அந்த நிலத்துண்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தான். வாத்தியார் கீழே கையைக் காட்டினார். கி.மு. 600 வாக்கில் அங்கே கல் பாவிய பாதை ஒன்று போட்டார்கள், டியோல்கோஸ் என்று பெயர். சரக்கை இழுத்துப் போனார்கள். கி.மு. 412இல் போர்க்கப்பல்களையே இழுத்திருக்கிறார்கள். அப்படியானால் வரி வாங்கியிருப்பார்களே என்று ஒரு வாண்டு கேட்டது. கொரிந்தின் செல்வம் அந்தக் கேள்வியில் வந்துவிட்டது. இன்று அங்கே ஓடும் கால்வாய் 1893இல்தான் திறந்தது.

இறங்கும்போது அவரிடம் வம்புக்கு நின்றேன். மலைகள் பிரித்ததால் கிரேக்கர்கள் தனித்தனி நகர அரசுகளாக இருந்தார்கள் என்று எல்லாப் புத்தகமும் எழுதுகிறதே, சரிதானா? அவர் சிரித்துவிட்டு எதிர்க்கரையில் ஹெலிகான் மலையைக் காட்டினார். அதற்கப்பால் பியோஷியா. தீப்ஸும் பிளாட்டியாவும் அங்கேதான், இடையே சுமார் 13 கிலோமீட்டர், ஒரு சிற்றாறு, அவ்வளவுதான். ஆனாலும் தீராப் பகை. கி.மு. 431இல் தீப்ஸ் ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பிளாட்டியாவுக்குள் புகுந்தார்கள். மழையில் ஆறு பெருகி, பின்னால் வந்த படை தாமதித்தது. வாசலுக்குள் போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மாரத்தானுக்கும் ஏதென்ஸுக்கும் நடுவே பென்டெலிகான் மலையே நிற்கிறது, இரண்டும் ஒரே அரசு. மலை பாதிக் காரணம்தான் டீச்சர். மீதி, தன் ஊர், தன் சாமி, தன் சபை என்ற பிடிவாதம். அதைப் பாடப்புத்தகத்தின் ஒற்றை வரி மறைத்துவிடுகிறது. பிள்ளைகளும் அதையே மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள்.

இந்த வாத்தியாருக்கு வரலாறு, புவியியல் என்று தனித்தனிப் பீரியடே தேவைப்படவில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் இரண்டையும் அடுத்தடுத்துப் போடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் நீங்கள்தான் பேச வேண்டும். நான் கேட்டால் போன வருஷத்து அட்டவணையையே எடுத்து நீட்டுவார்.

அன்புடன்,
வசந்தா