கோடு

எங்கள் வீட்டு முன்னறையில், அந்தோணியார் படத்துக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் நடுவில், ஒரு வேளா மீனின் கொம்பு நாற்பது ஆண்டுகள் தொங்கியது. மூன்றே முக்கால் அடி நீளம். தட்டையான பலகை மாதிரி இருக்கும். இரண்டு ஓரங்களிலும் விரல் நீளப் பற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்துவிடுவார்கள். “இது என்ன, மரம் அறுக்கிற வாளா?” என்று யாராவது கேட்டால் போதும், தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

திருச்செந்தூருக்குத் தெற்கே, தேரி மணலும் கடலும் ஒட்டிக் கிடக்கும் ஊர் எங்களுடையது. அங்கே பிடிபட்ட மீனைப் பாடு என்போம். கரைக்கு வரும் வள்ளத்தைப் பார்த்து முதலில் கேட்பது “பாடு எப்படி?” என்றுதான். பட்ட துன்பத்துக்கும் பாடு என்றுதான் பெயர். பெரிய வெள்ளிக்கிழமையன்று கோயிலில் வாசிக்கப்படுவதும் ஆண்டவருடைய பாடுகள். சின்ன வயதில் இவை மூன்றும் வேறு வேறு சொற்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தாத்தாவின் வேளாக் கதையில் மூன்றும் கலந்தே இருந்தன.

தனுஷ்கோடி அழிந்ததற்கு முந்தின வருஷம் என்றுதான் அவர் தொடங்குவார். எங்கள் கரையில் அந்தத் தலைமுறைக்கு ஆண்டுக்கணக்கு அதுதான். தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் என்பதால், அவர் சொல்வது 1963. நாலு பேர் ஒரு பாய் வள்ளத்தில் போய், மாலையில் திருக்கை வலையை அடித்தரையில் இறக்கிவிட்டு, விடிவதற்கு முன் வலையெடுக்கப் போயிருக்கிறார்கள். அப்போது வலையெல்லாம் பருத்தி நூல். புளியங்கொட்டைச் சாற்றில் முக்கி முக்கிக் காயவைத்த வலை. பாதி வலை வந்ததும் கனத்துவிட்டது. பாரில், அதாவது கடலடிப் பாறையில், மாட்டிக்கொண்டது என்று நினைத்து, அறுந்துவிடாமல் இருக்கச் சுற்றிவந்து இழுத்திருக்கிறார்கள். அப்புறம்தான் பார் நகர்ந்தது.

“பார் நகர்ந்துச்சு” என்று சொல்லிவிட்டுத் தாத்தா நிறுத்துவார். கேட்கிறவர் மூச்சுவிட்டதும்தான் அடுத்த வார்த்தை.

வேளா மேலே குத்தாது, பக்கவாட்டில் வீசும். இடமும் வலமுமாக அது கொம்பை வீசியபோது வலை கிழிந்தது, கிழிந்த வலையே பற்களில் சுற்றிக்கொண்டு மீனைப் பிடித்தும் கொடுத்தது. அதற்கு ஆயுதமும் அந்தக் கொம்புதான், எமனும் அதுதான். ஒரு வீச்சு வள்ளத்தின் அணியத்துப் பலகையில் விழுந்து, ஒரு பல் மரத்தில் ஏறி அங்கேயே நின்றுவிட்டது. தாத்தா வாலில் சுருக்குப் போட்டார். மீன் ஓயும்வரை வெயிலில் காத்திருந்தார்கள். பிறகு வள்ளத்தோடு சேர்த்துக் கட்டி, சாயங்காலம் கரை பிடித்தார்கள். ஊரே இறங்கி வடம் போட்டு இழுத்தது. பீலி என்கிற துடுப்பு ஒருவருக்கு, இறைச்சி ஒருவருக்கு என்று ஏலம் போனது. ஈரலை உருக்கி எண்ணெய் எடுத்து வள்ளத்துக்குப் பூசினார்கள். கொம்புக்கும் விலை கேட்டிருக்கிறார்கள். தாத்தா கொடுக்கவில்லை. வீட்டுக் கொல்லையில் மணலைத் தோண்டிப் புதைத்து, சதை மக்கியதும் எடுத்துக் கழுவி, உப்பு தேய்த்துக் காயவைத்து, சுவரில் அறைந்தார். கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் அதற்குத் தேங்காயெண்ணெய் தடவுவது என் வேலை.

அந்த மீனின் நீளம் மட்டும் கதையில் நிலையாக நிற்கவில்லை. அப்பா சிறுவனாக இருந்தபோது பதினாறு அடி. நான் கேட்ட வயதில் பதினெட்டு. தாத்தா படுக்கையில் விழுந்த பிறகு, பார்க்க வந்தவர்களிடம் இருபத்திரண்டு என்று சொன்னார். அதை நான் பொய்யாக எடுத்துக்கொண்டதில்லை. ஆண்டாண்டாகச் சொல்லச் சொல்ல, அன்றைக்குக் கையில் உணர்ந்த கனத்துக்குச் சரியான எண்ணை அவர் தேடிக்கொண்டே இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். பதினாறு என்றால் கேட்கிறவனுக்கு அந்தக் கனம் தெரிவதில்லை.

கல்லூரியில் பட்டினப்பாலை பாடமாக வந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரைச் சொல்லும் இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முழுநிலா நாளில் அவர்கள் கடலுக்குப் போவதில்லை. சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை இருத்தி வணங்குகிறார்கள், தாழம்பூ சூடுகிறார்கள், கள் குடித்து ஆடுகிறார்கள். கோடு என்றால் கொம்பு என்று ஆசிரியர் விளக்கினார். கொம்புள்ள சுறா எது என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கவேண்டிய தேவையே இல்லை. அது எங்கள் முன்னறையில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு சொல்லை அன்றைக்கு நான் சும்மா கடந்துபோனேன். புலவர் அதை வெறும் சுறா என்று சொல்லவில்லை. சினைச் சுறா என்கிறார். வயிற்றில் குஞ்சுள்ள சுறா.

தாத்தா இறந்து சில ஆண்டுகளில் அப்பாவுக்கு ஒரு கவலை பிடித்தது. வேளா 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே காப்பு. 2003இல், இப்படிப்பட்ட விலங்குப் பொருள்களை வைத்திருப்பவர்கள் 180 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று அரசு சொன்னது. அறிவித்துவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று அப்பா நாலு பேரிடம் விசாரித்தார். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள். கடைசியில், எழுதிக் கொடுத்து வனத்துறையிடமே ஒப்படைத்துவிடுவது என்று முடிவுசெய்தார். “அது கடல்ல இல்லாமப் போச்சு. வீட்ல மட்டும் எதுக்கு?” என்றார். அவர் குரலில் கோபமில்லை. முப்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர் அவர். அவர் வலையில் ஒரு வேளாகூடப் பட்டதில்லை.

ஏன் இல்லாமல் போனது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பருத்தி வலையைக் கிழித்துக்கொண்டு ஓட வேளாவுக்குக் கொஞ்சமாவது வாய்ப்பிருந்தது. நைலான் வந்தபோது அது போயிற்று. இழுவை மடி தரையை வாரிக்கொண்டு வந்தபோது, தரையோடு வாழும் மீனுக்கு ஒதுங்க இடமில்லை. எந்த வலையானாலும், எவ்வளவு பெரிய கண்ணானாலும், கொம்பு மாட்டிக்கொள்ளும். குட்டி போடும் மீன் அது, ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதல்ல. இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். ஒரு தலைமுறைக்குள் கரை காலியாகிவிட்டது. உலகத்திலேயே பெரும்பல் வேளா இன்னும் ஓரளவு நிலைத்திருக்கும் இடம் என்று வட ஆஸ்திரேலியாவைச் சொல்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் எட்டு நாடுகள் புழங்கும் பிராங்க் நாணயத்தில் வேளாவின் உருவம் இருக்கிறது. பழைய அக்கான் மக்கள் பொன் நிறுக்க வைத்திருந்த படிக்கல்லின் வடிவம் அது. அந்தக் கரைகளிலும் மீன் அரிதாகிவிட்டது. நாணயம் மட்டும் கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது.

கொம்பைக் கொடுப்பதற்கு முந்தின நாள் நான் ஊரில் இருந்தேன். அதை அனுப்பிவிட்டு வெறுங்கையோடு நிற்க மனம் வரவில்லை. பழுப்புக் காகிதத்தை நீளவாக்கில் ஒட்டித் திண்ணையில் விரித்தேன். கொம்பைக் கீழே வைத்து, காகிதத்தை மேலே போட்டு, அடுப்புக்கரியால் மெல்லத் தேய்த்தேன். முதலில் ஓரம் வந்தது. பிறகு ஒவ்வொரு பல்லாக எழுந்தது. நடுவில் நீளவாக்கில் ஓடும் மேடு எழுந்தது. நாற்பது ஆண்டுகள் சுவரில் தொங்கிய பொருளை அன்றைக்குத்தான் கையால் படித்தேன்.

ஜப்பானில் இதற்கென்றே ஒரு கலை இருப்பது பின்னால் தெரிந்தது. க்யோதாகு என்பார்கள், மீன் படி என்று சொல்லலாம். பிடித்த மீனின்மேல் மை தடவித் தாளை ஒற்றி எடுப்பார்கள். கிடைத்திருப்பவற்றில் பழையது 1839இல் ஒற்றிய ஒரு நன்னீர்க் கெண்டை வகை மீன். சுருவோகா நகரில் இன்னும் அதைக் காத்துவைத்திருக்கிறார்கள். சாமுராய்களைத் தூண்டில் போட ஊக்குவித்த சீமை அது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஒற்றியெடுத்த மீன் நீளத்தில் கூடவும் முடியாது, குறையவும் முடியாது. இப்போது எங்கள் கரையில் பெரிய மீன் பட்டால் நாலு செல்பேசிகள் எழும்புகின்றன. படம் பிடிப்பவன் கொஞ்சம் தள்ளி நின்றால் மீன் சிறுக்கும். மீனைப் பிடித்தவன் கையை முன்னால் நீட்டினால் மீன் பெருக்கும். தாளுக்கு அந்த வேலையே கிடையாது.

தேய்த்து முடித்து எண்ணினேன். இடப்பக்கம் பதினேழு பல். வலப்பக்கம் பதினாறு பல்லும் ஒரு வெறுங்குழியும். வேளாவின் இந்தப் பற்கள் பிறக்கும்போது எத்தனையோ, சாகும்போதும் அத்தனையே. அடியிலிருந்து தேய்மானத்துக்கு ஈடாக வளர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் வேரோடு போனது திரும்ப முளைக்காது. பல்லின் எண்ணிக்கையையும், அவை அடிவரை நெருங்கி நிற்கின்றனவா என்பதையும் வைத்து எந்த வகை வேளா என்று சொல்லிவிடலாம். கொம்பின் நீளத்திலிருந்து மீனின் நீளத்தையும் கணிக்கலாம். உடலில் ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றுவரை கொம்பு என்று வைத்தால், எங்களுடையது பதினைந்து அடிக்கும் பத்தொன்பது அடிக்கும் நடுவே வருகிறது. தாத்தா முதன்முதலில் சொன்ன பதினாறு அதற்குள் இருந்தது. அந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வெறுங்குழியில் விரலை வைத்துப் பார்த்தேன். அந்தப் பல் அணியத்துப் பலகையோடு போய், வள்ளம் உடைந்தபோது யார் வீட்டு அடுப்பிலோ எரிந்திருக்கும்.

பாட்டி நிலைப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா கதை சொல்லும் நேரங்களில் அவள் அடுக்களையில் இருப்பாள். ஒரு சொல்கூடக் குறுக்கே பேசி நான் கேட்டதில்லை. கண் மங்கிவிட்டதால் எழுந்து வந்து காகிதத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கரிக்கோட்டை நுனியிலிருந்து அடிவரை விரலால் தடவினாள்.

“எய்யா, குட்டிகள எங்க?”

எனக்குப் புரியவில்லை.

“ஏழு கெடந்துச்சு. அறுத்தவ நாந்தானே.”

கரையில் ஆண்கள் பீலிக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது, இருட்டும் முன்னே அறுத்து உப்பிட்டாக வேண்டும் என்று பெண்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வயிற்றைக் கீறியது பாட்டி. ஒன்றன்பின் ஒன்றாக ஏழு. எல்லாவற்றுக்கும் சின்னச் சின்னக் கொம்பு இருந்தது. “பல்லு குத்தல. மெத்துனு ஒரு சவ்வு மூடி இருந்துச்சு. தாய்க்கு வலிக்கப்படாதுன்னு.” புத்தகத்தில் நான் அதைப் படித்தது அதற்குப் பிறகுதான், வேளாக் குட்டிகள் கொம்பில் உறையோடுதான் பிறக்கின்றன, சில நாளில் அது கரைந்துவிடும். பாட்டி நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கையில் தொட்டிருக்கிறாள். பெரும்பல் வேளாவின் இளசுகள் ஆற்றுக்குள் ஏறி முதல் சில ஆண்டுகளை நன்னீரில் கழிக்கும். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் எங்களுக்கு வடக்கே அதிக தூரமில்லை. அந்தத் தாய் அங்கேதான் போய்க்கொண்டிருந்தாளோ என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

ஊரில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் அந்த இறைச்சியில் புட்டு போனதாம். பால் ஊறும் என்று சுறாவைக் கொடுப்பார்கள் அல்லவா. “நான் திங்கல” என்றாள் பாட்டி. அப்போது என் அத்தை அவள் வயிற்றில் ஏழு மாதம்.

தாத்தாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாம? பக்கத்துலதானே நின்னாரு. ராத்திரி சோறு எறங்கல அவருக்கு. அந்தக் கொம்ப விக்க மாட்டேன்னாரே, எதுக்குன்னு நெனக்க?”

வருகிறவர்களிடமெல்லாம் அடியைக் கூட்டிக் கூட்டிச் சொன்ன மனிதர், ஏழு என்ற எண்ணை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. கொம்புக்கு எண்ணெய் தடவும்போது “பாத்து, மெதுவா” என்று மட்டும் சொல்வார். பல் குத்திவிடும் என்று எனக்காகச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன். பட்டினப்பாலைப் பரதவர் ஏன் சினைச் சுறாவின் கொம்பைத் தேர்ந்து நட்டார்கள் என்று உரைகளில் தேடிப்பார்த்திருக்கிறேன். வலிமை மிகுந்தது என்பதற்காக இருக்கலாம். என் மனம் ஒப்புவது வேறு காரணத்தை. செய்ததைக் கும்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்று தோன்றிய கைகள் அவை.

“அதையும் போடு எய்யா” என்றாள் பாட்டி.

எனக்குப் படம் வராது. கொம்பின் கீழே, காகிதத்தில் மிச்சமிருந்த இடத்தில், கரியால் ஏழு கோடுகள் இழுத்தேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள். முதல் கோடு குட்டையாகிவிட்டது என்றாள். தன் வலக்கையைக் காகிதத்தின்மேல் நீட்டி வைத்து, விரல் நுனியிலிருந்து தோள்வரை காட்டி, “இம்புட்டு இருக்கும்” என்றாள். அந்தக் கையின் ஓரமாகவே கரியை ஓட்டி முதல் கோட்டைத் திருத்தினேன். மற்ற ஆறுக்கும் அவள் கையை எடுத்து எடுத்து வைத்தாள்.