எழுதாதது நடக்காதது

புள்ளலூர் என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு யுத்தம்தான் ஞாபகத்துக்கு வரும். 1780-ல் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்த ஊர் அல்லவா? எனக்கோ இப்போது காது ஞாபகம் வருகிறது. காரணம், அந்த ஊர்ப் பெண் ஒருத்தி. சென்னையில் அவளுக்கு மெடிகல் கோடிங் உத்தியோகம். அமெரிக்காவில் நடக்கும் காது ஆபரேஷன்களின் குறிப்பைப் படித்து, பில்லுக்கு உரிய எண்ணைப் போட வேண்டும். அந்த நாட்டு மருத்துவச் சங்கம் 1966-ல் தொடங்கிய எண் வரிசை அது.

"காதுக்கு ஒரு எண்தானே அம்மா?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "செவிப்பறையை மட்டும் ஒட்டுப்போட்டு மூடினால் 69620 சார். நடுக்காதையும் திறந்து சரிசெய்தால் 69631. சிற்றெலும்புகளையும் கோத்துவிட்டால் 69632. அதற்குச் செயற்கை எலும்பு வைத்தால் 69633. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பையும் குடைந்திருந்தால் 69641-லிருந்து வேறு வரிசை."

கூட்டிப் போட்டால் மோசடி. குறைத்துப் போட்டால் டாக்டருக்கு நஷ்டம். பொருந்தாமல் போட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரிப்பார்கள், பாரம் நோயாளியின் தலையில் விழும்.

ஒரு நாள் வந்த குறிப்பின் தலைப்பில் எலும்பைக் குடைந்ததாக இருந்ததாம். கீழே விவரத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. "தலைப்பைப் பார்த்துப் போட்டுவிட்டுப் போயேன்" என்றாளாம் பக்கத்து நாற்காலிக்காரி. நாளொன்றுக்கு இத்தனை குறிப்பு என்று கணக்கு உண்டே! இவள் போடவில்லை. டாக்டரிடம் விளக்கம் கேட்டு எழுதினாள். அன்றைய கணக்கில் குறைந்தது. மேலதிகாரியிடம் வசவும் கிடைத்தது.

"பதில் வந்ததா?"

"வந்தது சார். குடைய உத்தேசித்தார்களாம்; தேவைப்படவில்லையாம். தலைப்பை மாற்ற மறந்துவிட்டார்கள். எழுதாதது நடக்காதது. எங்கள் தொழிலில் முதல் பாடம் அதுதான்."

முகம் தெரியாத யாரோ ஒருவர், செய்யாத சிகிச்சைக்குப் பணம் கட்டாமல் தப்பினார். அவருக்கு இது தெரியவே போவதில்லை.

இதே புள்ளலூரில் மகேந்திரவர்மன் தன் பகைவர்களை அழித்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. பகைவர் யார் என்று அதில் இல்லை. சாளுக்கியப் புலிகேசிதான் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதினார்கள். பாடப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் செப்பேடு இந்தப் பெண்ணின் மேஜைக்கு வந்திருந்தால், பெயரை நிரப்பியிருக்க மாட்டாள். விளக்கம் கேட்டுப் பல்லவனுக்கே திருப்பி அனுப்பியிருப்பாள்.