அந்த ஒரு வரிக்கு ஓனர் யாரு பாஸ்?

ஒரு சின்ன டெஸ்ட். உங்க காலேஜ் வெப்சைட்டைத் திறந்து பாருங்க. முதல் பக்கத்துல புது பிரின்சிபால் போட்டோ பளிச்சுனு இருக்கும். அப்படியே டிபார்ட்மென்ட் பக்கத்துக்குப் போங்க. ரிட்டயர் ஆன பழைய பிரின்சிபால் அங்கே இன்னும் சிரிச்சுக்கிட்டு நின்னா ஆச்சரியப்படாதீங்க! ப்ளேஸ்மென்ட் பக்கத்துல ஒரு போன் நம்பர், அட்மிஷன் பக்கத்துல வேற நம்பர். கல்ச்சுரல்ஸுக்குத் தனியா ஒரு சைட், அதுல தேதியே வேற. காரணம் சிம்பிள். ஒவ்வொண்ணையும் பார்த்துக்கறது ஒவ்வொரு டீம்.

'அட, இதெல்லாம் ஒரு மேட்டரா?'னு கேக்கறீங்களா? எனக்கு இது பெரிய மேட்டர். ஏன்னு சொல்றேன்.

எனக்கு ஊரு கரடியூர். சேலத்துல பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவையும் தலை சுத்தாம தாண்டி ஏற்காடு வந்தீங்கன்னா, அங்கிருந்து பக்கம்தான். வியூ பாயின்ட்டுக்கு வந்து போட்டோ எடுத்துட்டுப் போற ஊர். (கரடி இருக்கானு மட்டும் கேக்காதீங்க, ப்ளீஸ்!)

நாங்க மலையாளிகள். உடனே, 'ஓ, கேரளாவா?'னு கேப்பீங்க. இல்லை பாஸ்! மலையை ஆளுறவங்க, மலையில வாழுறவங்கங்கற அர்த்தத்துல வந்த பேரு அது. சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, ஜவ்வாது மலைனு பரவியிருக்கற பழங்குடி மக்கள். பேசறது தமிழ். காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்கன்னு எங்க பெரியவங்க கதை சொல்வாங்க. சேலம் மாவட்டத்துக்கான பட்டியல் பழங்குடிகள்ல 'மலையாளி'னே பேரு இருக்கு.

இப்ப பிரச்னைக்கு வருவோம். ஒரு டிராவல் கம்பெனியோட சைட்ல, 'ஏற்காட்டுப் பழங்குடிகள் கேரளாவில் இருந்து குடியேறியவர்கள்'னு ஒரு வரி. படிச்ச கிளாஸ்மேட் ஒருத்தன் சீரியஸாவே கேட்டான்: 'கேரளாக்காரங்களுக்கு இங்க எப்படிடா எஸ்.டி. சர்டிபிகேட்?' யோசிச்சுப் பாருங்க. ஒரு வரி... நம்ம சர்டிபிகேட்டையே சந்தேகப்பட வைக்குது.

அந்த கம்பெனிக்கு மெயில் போட்டேன். ரெண்டே நாள்ல 'நன்றி, திருத்திட்டோம்'னு பதில். செம சந்தோஷம்! ஆனா அவங்களுக்கு தமிழ் சைட், இங்கிலீஷ் சைட், ஹோட்டல் புக்கிங் சைட்னு மூணு. திருத்தினது தமிழ் டீம் மட்டும். ஹோட்டல் டீமுக்கு எழுதினா, 'அந்தப் பத்தியை இங்கிலீஷ் டீம்கிட்ட இருந்து எடுத்தோம், அவங்களைக் கேளுங்க'னு சொன்னாங்க. இங்கிலீஷ் டீம், 'அது எப்பவோ யாரோ போட்டது'னுட்டாங்க. யாரும் கெட்டவங்க இல்லை. அந்த வரிக்கு ஓனர்னு ஒருத்தர் இல்லை, அவ்ளோதான்!

வெட்டி ஒட்டின காப்பிக்கு அதோட ஒரிஜினல் எங்கேன்னு தெரியாது. ஒரிஜினலைத் திருத்தினா காப்பி தானா மாறாது. சைட்கள் ஒண்ணோட ஒண்ணு லிங்க் ஆகியிருக்கலாம். உள்ளே இருக்கற விஷயம் லிங்க் ஆகலையே!

'அப்ப எல்லாத்தையும் ஒரே டீம் கையில கொடுத்துடலாமே?'னு தோணுதா? அதைவிட நல்ல வழியை ஒரு கூட்டம் செஞ்சு காட்டியிருக்கு. விக்கிப்பீடியா!

முந்நூறுக்கும் மேல மொழிகள்ல ஓடுது. தமிழ் விக்கி 2003-ல ஆரம்பிச்சது. ஒவ்வொரு மொழிக்கும் தனிக் கூட்டம், தனி விதி, தனி நிர்வாகிகள். தமிழ்ல என்ன எழுதணும்னு இங்கிலீஷ்காரங்க உத்தரவு போட முடியாது. அப்ப இவ்வளவு டீமும் எப்படி ஒத்துப்போறது?

முதல்ல போட்டோ. 2004 செப்டம்பர்ல 'விக்கிமீடியா பொதுவகம்'னு ஒரு பொது இடம் வந்தது. ஏற்காடு ஏரி போட்டோவை அங்கே ஒரு தடவை ஏத்தினா போதும், எல்லா மொழியும் அதையே காட்டலாம்.

அடுத்தது, மொழிகளுக்கு நடுவுல இருக்கற இணைப்பு. ஏற்காடு பத்தி பத்து மொழியில பக்கம் இருக்குனு வெச்சுக்குங்க. முன்னாடி ஒவ்வொரு பக்கத்துலயும் மத்த ஒன்பது பக்கத்துக்கு லிங்க் எழுதி வெச்சிருந்தாங்க. பத்து இன்ட்டு ஒன்பது, தொண்ணூறு லிங்க்! ஒரு பேரு மாறினா ஒன்பது இடத்துல கை வைக்கணும். 2012 அக்டோபர்ல விக்கித்தரவு வந்தது. 2013 மார்ச்சுக்குள்ள எல்லா மொழி விக்கிக்கும் இந்த லிங்க் வேலையை அது எடுத்துக்கிச்சு. நடுவுல ஒரே ஒரு பதிவு, அதுல பத்து லிங்க். மேட்டர் ஓவர்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்: அங்கே பேருக்கு மதிப்பில்லை, நம்பருக்குத்தான் மதிப்பு. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு தனி எண். பேரு ஒண்ணா இருந்தாலும் ரெண்டு மக்கள்னா ரெண்டு எண். 'இது வேற, அது வேற'னு குறிச்சு வைக்கவே தனியா ஒரு வசதி இருக்கு. எந்த ஆதாரத்துல இருந்து எடுத்தாங்கன்னும் கூடவே போடலாம். கிளாஸ்ல ரெண்டு கார்த்திக் இருந்தா ரோல் நம்பர் வெச்சு மார்க் போடறாங்கள்ல, அதே ஐடியா!

இதுலயும் சிக்கல் உண்டு, மறைக்க மாட்டேன். பொதுவகத்துல ஒரு போட்டோவை அழிச்சா எல்லா மொழியிலயும் காணாமப் போயிடும். நடுவுல ஒருத்தர் விஷமம் பண்ணினா எல்லா இடத்துலயும் தெரியும். இந்த பயத்துலதான் இங்கிலீஷ் விக்கி, விக்கித்தரவுல இருந்து வந்துக்கிட்டிருந்த சின்ன அறிமுக வரியை வேண்டாம்னு, 2018-ல இருந்து தானே எழுத ஆரம்பிச்சது. அதாவது எல்லாத்தையும் பொதுவில் வைக்க வேண்டியதில்லை. எது பொது, எது அவங்கவங்க சொந்தம்னு உக்காந்து பேசி முடிவு பண்ணணும். டெக்னாலஜி அப்புறம்தான்.

எங்க ஏற்காட்டையே எடுத்துக்குங்களேன். படகு இல்லம் சுற்றுலாத்துறை பக்கம். அண்ணா பூங்காவும் மலர்க் கண்காட்சியும் தோட்டக்கலைத்துறை. ஆர்க்கிட் தோட்டம் மத்திய அரசோட தாவரவியல் ஆய்வு நிறுவனம். காடு வனத்துறை. ஒரு நாள் டூர் வர்ற உங்களுக்கு இது எல்லாமே 'ஏற்காடு'தான்! தோட்டக்கலைக்காரங்கதான் பூவைப் பத்தி எழுதணும், அதுல மத்தவங்க தலையிட வேண்டாம். ஆனா கோடை விழா தேதி ஒரே இடத்துல இருந்து எல்லாருக்கும் போகணும். மலைப்பாதையை ஒருவழியாக்கின செய்தி ஒரு சைட்ல இருந்து இன்னொரு சைட்ல இல்லைனா, திண்டாடப்போறது கார்ல குழந்தையோட வர்ற குடும்பம்தானே?

ஸோ, உங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு சைட் பண்றீங்களா? மூணே விஷயம். ஒண்ணு, ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு ஓனர் பேரு எழுதி வைங்க. ரெண்டு, அடுத்த டீமோட தகவலை காப்பி அடிக்காதீங்க; அவங்க வெச்சிருக்கற இடத்துல இருந்து வர வைங்க, முடியலைனா லிங்க் கொடுங்க. மூணு, எப்ப சரிபார்த்தீங்கன்னு தேதி போடுங்க. கோடிங் தெரியாதவங்ககூட செய்யலாம். ஒரு நோட்டு, ஒரு பேனா போதும்!

அப்புறம் அந்த டிராவல் கம்பெனி? விடாம மெயில் போட்டதுல ஹோட்டல் சைட்லயும் வரியை எடுத்துட்டாங்க. இங்கிலீஷ் சைட் மட்டும் இன்னும் பாக்கி. நானும் விடறதா இல்லை.

கரடியூருக்கு வாங்க ஃப்ரெண்ட்ஸ். போட்டோ எடுங்க, காபி குடிங்க. ஊருக்குப் போய் எங்களைப் பத்தி எழுதறதா இருந்தா, எழுதறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. எங்க கதைக்கு ஓனர் நாங்கதானே!